உட்கார்ந்த புலி

1977-இல் என் சொத்து 312 தீப்பெட்டிப் படங்கள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் அது லேசான கணக்கு இல்லை. என்னைவிட வசதியானவன் ஒரே ஒருவன்தான். அவன் அப்பா ரயிலில் கார்டு. வடக்கத்திப் பெட்டிகள் அவன் வீட்டுக்குத் தாமாக வந்து சேரும். மற்ற நாங்களெல்லாம் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடை வாசலிலும் தலையைக் குனிந்துகொண்டே நடந்து சேர்த்தவர்கள். அந்த நடை எனக்கு இன்னும் மாறவில்லை. கூட வரும் மனைவி, "என்ன தொலைச்சீங்க?" என்று கேட்பதை நிறுத்திப் பத்து வருடம் ஆகிறது.

அப்போது பெட்டி மரச்சக்கையில் செய்தது. மேலே காகிதப் படம் ஒட்டியிருக்கும். பெட்டியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஏழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் பசை இளகிவிடும். படம் தானாக நழுவி மிதக்கும். அவசரக்காரன் நகத்தால் உரிப்பான். அவனிடம் இருப்பதெல்லாம் தலையில்லாத யானைகளாக இருக்கும். ஈரப்படத்தைச் சுவரில் அப்பிக் காயவைத்து, பழைய நோட்டுக்குள் அடுக்க வேண்டும். நோட்டில் எழுத்து எதுவும் கிடையாது. எந்தப் படம் எந்தப் பக்கம், யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதெல்லாம் தலைக்குள் இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காப்புப் பிரதி தேவைப்படாத தரவுத்தளம் அது ஒன்றுதான்.

மாற்று விலையும் எங்களுக்குள் உண்டு. கிளி, தாமரை, சாவி எல்லாம் ஒன்றுக்கு ஒன்று. கப்பல் என்றால் ஐந்து. இந்தி எழுத்து இருந்தால் ஐம்பது. "ஏல, இது பம்பாய்ல அடிச்சதுல்ல, அம்பது எடு" என்று சொல்லி ஒருவன் என்னிடம் ஐம்பது படத்தை எண்ணி வாங்கிக்கொண்டான். வடக்கே விற்பதற்காக இந்தி எழுத்துப் போட்டுச் சிவகாசியிலேயே அடித்த படம் அது என்று எனக்குத் தெரியவர முப்பது வருடம் ஆனது. அதற்குள் அவன் பொருளாதாரப் பேராசிரியராகிவிட்டான்.

இந்தப் பழக்கத்துக்கு 'பிலுமெனி' என்று உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டதுதான். ஜப்பானில் தெய்இச்சி யோஷிஸாவா என்று ஒருவர் 1925-இல் தொடங்கி, 130-க்கும் மேற்பட்ட நாடுகளின் படங்களாக ஏழு லட்சத்துக்கும் மேல் சேர்த்துக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறார். பெயர் தெரிந்ததும் எனக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. அதுவரை வீட்டில் குப்பை என்று சொல்லப்பட்டது, அன்று முதல் சேகரம்.

2006-இல் ஏழு பேர் சேர்ந்து இணையத்தில் ஓர் அட்டவணை தொடங்கினோம். ஒரு வங்கிக் காசாளர், ஒரு தமிழாசிரியர், ஒரு ஹோமியோபதி டாக்டர், மின்வாரியத்தில் நான், இன்னும் மூன்று பேர். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் ஆகிய ஊர்களில் அடித்த படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு ஸ்கேன், ஒரு காலம். சேகரிப்பவர் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்றார் காசாளர். அவர் கணக்குப் பிசகிய ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

வேலை எவ்வளவு பெரியது என்பது பிறகுதான் உறைத்தது. 1923-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதுவரை இந்தியாவுக்குத் தீப்பெட்டி பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. நம் சாமிகளின் படத்தைக்கூட அவர்களே அச்சடித்து ஒட்டி அனுப்பினார்கள். நாம் வாங்கிக் கும்பிட்டுவிட்டு பீடி பற்றவைத்தோம். சிவகாசியில் பெட்டி செய்யத் தொடங்கியதும் அதற்குப் படம் வேண்டியிருந்தது, படத்துக்கு லித்தோ அச்சகம் வேண்டியிருந்தது. இன்று காலண்டரும் டைரியுமாக அந்த ஊர் அச்சடிப்பதெல்லாம் அந்த இரண்டு அங்குலக் காகிதத்திலிருந்து கிளைத்ததுதான். ஒரே கம்பெனி பத்துப் பெயரில் பெட்டி விடும். ஒரே படத்தைப் பத்துக் கம்பெனி கொஞ்சம் மாற்றிப் போடும். மானுக்குக் கொம்பு ஒரு கிளை கூடும், சாவிக்கு ஒரு பல் குறையும். வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது, வழக்குப் போட்டால் நீதிபதிக்குத் தெரிய வேண்டும்.

காலம் கண்டுபிடிப்பதுதான் இதில் ருசியான வேலை. படத்தில் ஆண்டு போடுகிற வழக்கம் கிடையாது. ஆனால் அரசாங்கம் நமக்காகத் துப்பு விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. ராமநாதபுரம் மாவட்டம் என்று போட்ட சிவகாசிப் படம் 1985-க்கு முந்தியது. காமராஜர் மாவட்டம் என்றால் அதற்குப் பிந்தியது. விருதுநகர் மாவட்டம் என்றால் தலைவர்கள் பெயரையெல்லாம் மாவட்டங்களிலிருந்து எடுத்த 1997-க்குப் பிறகு. கோவில்பட்டியும் அப்படித்தான்: திருநெல்வேலி, 1986-இலிருந்து சிதம்பரனார், 1997-இலிருந்து தூத்துக்குடி. ஊர் நகரவே இல்லை, மாவட்டம் இரண்டு தடவை மாறியது. அதில் யாருக்கு என்ன லாபமோ, எங்களுக்கு லாபம். விலை அச்சிட்டிருந்தால் இன்னும் சுலபம். 50 காசு 2007-இல் ஒரு ரூபாயானது, ஒரு ரூபாய் 14 வருடம் அசையாமல் இருந்து 2021 டிசம்பர் 1-இல் இரண்டு ரூபாயானது. தீப்பெட்டியைப் போல விலைவாசியை மதிக்காத பொருள் இந்த நாட்டில் வேறு இல்லை.

இத்தனை துப்புக்கும் பிடிகொடுக்காத படங்கள் உண்டு. அதில் முதல் இடம் புலிக்கு. சாத்தூர்ப் படம், ராமநாதபுரம் மாவட்டம், பின்கோடு இல்லை, விலை இல்லை. இரண்டு வகை: ஒன்றில் புலி நிற்கிறது, மற்றதில் உட்கார்ந்திருக்கிறது. எது முதலில்? நிற்கும் புலிதான் என்றார் தமிழாசிரியர். கம்பீரம் முதலில், சோர்வு பிறகு என்பது அவர் வாதம். டாக்டர், உட்கார்ந்த புலியின் வரிகளில் அச்சுக்கல் தேய்ந்த அடையாளம் இருப்பதாகச் சொல்லி அதே முடிவுக்கு வேறு வழியில் வந்தார். காசாளர் எதிர்த்தார், ஆதாரம் தரவில்லை. பெரும்பான்மைப்படி நிற்கும் புலிக்கு 1 என்றும் உட்கார்ந்த புலிக்கு 2 என்றும் எண் கொடுத்தோம். வரலாற்றை வாக்கெடுப்பில் தீர்த்த குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அட்டவணை செத்ததற்குப் பலரும் தொழில்நுட்பத்தைக் காரணம் சொல்கிறார்கள். நான் அங்கேதான் இருந்தேன். அது பசு மாட்டால் செத்தது. 'விலங்குகள்' என்று ஒரு பிரிவு, 'தெய்வங்கள்' என்று ஒரு பிரிவு. பசுவை விலங்கில் ஏற்றினார் டாக்டர். அதை எடுத்துத் தெய்வத்தில் போட்டார் தமிழாசிரியர். மறுநாள் காலை பசு விலங்கிலிருந்தது, சாயங்காலம் தெய்வமானது. ஒரு மாதம் இப்படி. பிறகு மயில் கிளம்பியது. முருகன் இல்லாத மயில் பறவையா, முருகன் வருவதற்கு முந்திய மயிலா? 2009 தீபாவளிக்குள் ஏழு பேரில் நான்கு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் ஏற்றவில்லை. கடைசியாக நடந்த திருத்தம் ஒரு எருமை சம்பந்தமானது. அதை எமனோடு சேர்ப்பதா என்று யாரோ கேட்டிருந்தார்கள். பதில் இல்லை.

பதினான்கு வருடம் கழித்து அதைத் திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு துணிப்பை. சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். விம்கோ நகர் மெட்ரோவில் ஏறினேன். அந்த ஸ்டேஷன் பெயரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் என்பது அந்தப் பெட்டியில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. எதிர் இருக்கையில் ஒரு பெண்ணின் தோளில் பை; பையில் உட்கார்ந்த புலி. புலியின் வாலுக்குக் கீழே ஒரு மடிப்புக் கோடு. அந்த மடிப்பு என் மடிப்பு. 1978-இல் நோட்டை மூடும்போது நான் செய்தது. எங்கள் அட்டவணையில் நான் ஏற்றிய ஸ்கேனை யாரோ எடுத்து, பெரிதாக்கி, மடிப்பைக்கூட விடாமல் அச்சடித்து விற்கிறார்கள். கோபம் வந்ததா என்றால், வந்தது. அதைவிடச் சந்தோஷம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. "பை எங்கம்மா வாங்கினே?" என்று கேட்டேன். ஆன்லைனில் என்றாள். 499 ரூபாய். அந்தப் படம் ஒட்டிய பெட்டியை நான் சாக்கடை ஓரத்தில் எடுத்தேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டவணையைத் திறந்தால் வெள்ளைத் திரை. அடியில் ஒரு பிழை எண். அவ்வளவுதான்.

என்னுடன் மின்வாரியத்தில் இருந்த ஒருவருடைய பையன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனைப் பிடித்தேன். முதல் கேள்வி, "அங்கிள், பேக்கப் எங்க இருக்கு?" இருந்தது, ஹோமியோபதி டாக்டரிடம், ஒரு சி.டி.யில், பூஞ்சை பிடித்து. இரண்டாவது கேள்வி, "பாஸ்வேர்ட் யார்கிட்ட?" காசாளரிடம். அவர் காலமாகி ஆறு வருடம். நல்ல மனிதர், எதையும் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிவைக்கிறவர். அவர் மனைவி பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். பின்னட்டையில் பால் கணக்குக்குக் கீழே, இன்னும் படிக்கிற மாதிரியே, கடவுச்சொல். அது 'உட்கார்ந்த புலி முதலில்' என்ற நான்கு சொல்லின் ஆங்கில எழுத்துகள் என்றான் பையன். நான்கு இல்லை, மூன்றுதான் என்று திருத்தினேன். பிறகுதான் அவர் எழுதியிருந்ததே மனதில் ஏறியது.

பையன் ஒரு வாரம் வேலை செய்தான். தளம் எழுதப்பட்ட பி.எச்.பி. பதிப்பு காலாவதியாகிவிட்டது. 2015-இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே, எங்கள் நிரல் நம்பியிருந்த பழைய தரவுத்தளக் கட்டளைகளைத் தூக்கிவிட்டார்களாம். அதைச் சரிசெய்ததும் பக்கங்கள் திறந்தன. திறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. நாங்கள் ஏழு பேரும் ஏழு விதமாகத் தமிழ் தட்டியவர்கள். ஒருவர் டிஸ்கி, ஒருவர் டாப், ஒருவர் யூனிகோடு, காசாளர் தங்கிலீஷ். அவற்றைத் தமிழ் அறியாத ஒரு தரவுத்தளத்தில் போட்டு வைத்திருந்தோம். நாலாயிரத்துச் சொச்சம் பதிவில் பெரும்பாலானவற்றில் உற்பத்தியாளர் யார் என்பதற்குக் கேள்விக்குறி, காலம் எது என்பதற்குக் கேள்விக்குறி. பார்க்கப் பார்க்க அது பழைய வடிவத்தைவிட நேர்மையானது என்று எனக்குப் பட்டது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்துருவுக்கு ஒன்றாக மாற்றி எழுதிப் பெயர்களை மீட்டான். தங்கிலீஷ் பதிவுகள்தான் எந்தச் சேதமும் இல்லாமல் முதலில் மீண்டன. தமிழாசிரியருக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.

மீட்கவே முடியாமல் போனது படங்கள். அந்த நாளில் டயல்-அப் இணைப்பு. ஒரு படம் இறங்குவதற்குள் டீ ஆறிவிடும். அதனால் எல்லா ஸ்கேனையும் இருபது கிலோபைட்டுக்குச் சுருக்குவது என்று தீர்மானம் போட்டோம். ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே தீர்மானம். மூலத்தை அழித்தோம், 'இடம் அடைக்கிறது' என்று. காலத்தைச் சொல்லக்கூடிய அச்சகத்தின் பெயர் படத்தின் அடி ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும். இருபது கிலோபைட்டில் அது எறும்பாகவே தெரிகிறது. கையில் வெறும் நோட்டு இருந்தபோது என்னிடம் முழுப்படம் இருந்தது. கணினி வந்ததும் தபால்தலை அளவுக்கு வந்தது. இன்று என் சட்டைப்பையில் இருக்கிற போன் எடுக்கிற படத்தில் காகிதத்தின் நார் தெரிகிறது. படமெடுக்கத்தான் காகிதம் இல்லை. இரண்டு இடம்பெயர்தலில் என் நோட்டில் பாதி போய்விட்டது.

மீதியை எடுத்துக்கொண்டு, மறுபடி ஸ்கேன் செய்யப் பையன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தோம். காபி கொண்டுவந்த அவன் அம்மா ஒரு படத்தை எடுத்தார். எடுத்த கையோடு கவிழ்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது சுருளும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பசை பட்ட உடனே சுருட்டிக்கும் சார். மொத்தமாப் பரப்பி முதுகுல பசை தடவிருவோம்ல, எடுக்கிறதுக்குள்ள சுருண்டுரும். அடி வாங்கியிருக்கேன் இதுக்கு." இன்னொன்றை எடுத்துக் கவிழ்த்தார். "இது நல்ல காயிதம். அடங்கி ஒட்டும்."

சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. மூன்றாவது வரை பள்ளிக்கூடம். பிறகு ஆபீஸ். அந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். அதனால் அந்த வட்டாரத்தில் எட்டு வயதில் ஆபீஸ் போனவர்கள் ஏராளம். விடியுமுன் நான்கு மணிக்குக் கம்பெனி பஸ் வரும், தூங்கிக்கொண்டே ஏறுவார்களாம். எந்த வருடம் பிறந்தீர்கள் என்று கேட்டேன். 68. நானும் 68. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசித் தீப்பெட்டி வேலையில் குழந்தைகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். நாங்கள் இருவரும் அதற்குள் வளர்ந்து முடித்துவிட்டோம். 1977-இல் நான் கிண்ணத்தில் ஊறப்போட்ட பெட்டிகளில் எத்தனையோ அவர் கை ஒட்டியதாக இருக்கலாம். அவர் சுருளாமல் ஒட்டப் பாடுபட்டார், நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பிரித்தெடுத்தேன்.

படங்களெல்லாம் நினைவிருக்கிறதா என்றேன். "படத்தை யாரு பார்த்தா? கவுத்துல்ல கிடக்கும்" என்று சிரித்தார். பிறகு இரண்டு புலிகளையும் எடுத்துக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்காமல் முதுகைத் தடவினார். உட்கார்ந்த புலியைக் காட்டி, "இதுதான் சுருண்டது. நான் போன புதுசுல." நிற்கும் புலியைக் காட்டி, "இது வந்து கொஞ்ச நாள்தான் ஒட்டினேன். வயசுக்கு வந்துட்டேன், நிப்பாட்டிட்டாங்க. எங்க அம்மாவைப் பெத்த தாத்தா செத்த வருசம் அது. எண்பத்தொண்ணு."

பதினேழு வருட வழக்கு காபி ஆறுவதற்குள் முடிந்தது. காசாளர் சொன்னதுதான் சரி. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க இப்போது வழியில்லை.

அன்று முழுக்கப் பையனின் அம்மா முப்பத்தோரு படங்களைக் கவிழ்த்துப் பார்த்தார். பதினெட்டுக்கு வரிசை சொன்னார்: தம்பி பிறந்ததற்கு முந்தி, பெரிய மழைக்குப் பிந்தி, ஆபீசில் புது மேஸ்திரி வந்தபோது என்று. அட்டவணையில் ஒவ்வொரு காலத்துக்கும் 'ஆதாரம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாங்கள் 2006-இல் வைத்த தேர்வுகள் மூன்றே: விலைப்பட்டியல், கடிதம், சேகரிப்பாளர் கருத்து. மூன்றிலும் இது அடங்கவில்லை. பையன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தான்: 'ஒட்டியவர்'. அதோடு, எங்கள் நாலாயிரம் ஸ்கேனில் ஒன்றுகூட முதுகுப் பக்கம் இல்லை என்பதையும் அவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

இப்போது பழைய சேகரிப்பாளர்களிடம் முதுகைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வருகிறேன். பாதிப் பேர் ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்கள். மீதிப் பேர், ஸ்கேன் வெளியே போனால் மதிப்புக் குறைந்துவிடும் என்கிறார்கள். துணிப்பை விஷயம் அவர்களுக்குத் தெரியாது. டாக்டர் அனுப்பினார். தமிழாசிரியரும் அனுப்பினார், பசுவைப் பற்றி ஒரு குறிப்போடு. பசுவுக்கு இரண்டு பிரிவிலும் இடம் கொடுத்துவிட்டோம். 2009-இல் மென்பொருள் அதற்கு இடம் தராது என்று நினைத்திருந்தோம். தரும் என்கிறான் பையன், அப்போதே தந்திருக்குமாம்.

உங்கள் வீட்டுப் பரணில், பூஜை அறை மாடத்தில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய மரச்சக்கைத் தீப்பெட்டி கிடைத்தால், தயவுசெய்து தண்ணீரில் போடாதீர்கள். பெட்டியோடு அப்படியே வைத்து ஆறு பக்கமும் படமெடுங்கள். உதிரிப் படமாக இருந்தால் முன்னும் பின்னும். உங்கள் குடும்பத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால், முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் கவிழ்த்துப் பார்த்துச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சாத்தூருக்கு ஒருவர் கிடைத்தார், கோவில்பட்டிக்கு இரண்டு பேர். குடியாத்தத்துக்கு இன்னும் ஒருவரும் இல்லை.